பஸிலில் மேட் வரவில்லையா? ஒரு சிப்பாயைத் தேடுங்கள்

செஸ் பஸில் (ஒரு நிலையைக் கொடுத்துச் சரியான நகர்வைக் கேட்கும் புதிர்) திறந்ததும் எதிரி ராஜாவைச் சுற்றி மேட் (ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிவது) தேடுவதுதான் நிறைய பேருக்குப் பழக்கம். ராணியைத் தியாகம் செய்து பார்த்து, யானையைத் தியாகம் செய்து பார்த்து, எதுவும் சரிவராமல் கடைசியில் கைக்கு வந்த ஒரு செக்கை, அதாவது ராஜா மீதான ஒரு தாக்குதலை, கொடுத்துவிட்டு, தப்பு என்று வந்ததும் விடையைப் பார்த்தால் அங்கே ஒரே ஒரு சிப்பாய் லாபமாகியிருக்கும். இதற்கா இவ்வளவு நேரம் என்று எரிச்சல் வரும். ஆமாம், இதற்குத்தான். ஓரளவு நன்றாக ஆடுகிற இருவர் மோதும் ஆட்டங்கள் பலவும் இந்த அளவு வித்தியாசத்தில்தான் முடிவாகின்றன.

லிசெஸ் என்ற இணைய செஸ் தளம் தன் பஸில்களை உண்மையில் ஆடப்பட்ட ஆட்டங்களிலிருந்துதான் எடுக்கிறது. மேட் பஸில்கள் அதில் ஒரு வகை மட்டும். விடையின் முடிவில் கணினி கணிக்கும் சாதகம் 2 முதல் 6 சிப்பாய் மதிப்பு வரை இருந்தால் அதை ‘அட்வான்டேஜ்’ வகையில் போடுகிறார்கள், அதற்கு மேல் போனால் ‘க்ரஷிங்’. தோற்கிற நிலையிலிருந்து டிராவுக்குத் தப்பித்தால் போதும் என்கிற பஸில்களும் உண்டு. ஆக, மேட் மட்டும்தான் விடை என்று உட்கார்ந்தால் பல பஸில்களில் கேள்வியே புரியாமல் போகும்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. தோராயமான கணக்கு என்றாலும் பஸிலுக்கு இது போதும். யானையைக் கொடுத்துக் குதிரையையோ பிஷப்பையோ வாங்கினால் 2 புள்ளி நஷ்டம், அதைத்தான் எக்ஸ்சேஞ்ச் போச்சு என்கிறோம்.

சரி, ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்துவிடலாம். கட்டத்தின் பெயரில் எழுத்து வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் ஹெச் வரை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து, வெள்ளைச் சிப்பாய் இ4-க்கு, கருப்புச் சிப்பாய் சி5-க்கு. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது, கருப்புச் சிப்பாய் டி6-க்கு. வெள்ளை பிஷப் சி4-க்கு, கருப்பு பிஷப் ஜி4-க்கு வந்து எஃப்3 குதிரையைக் கட்டிப்போடுகிறது. இப்போது வெள்ளையின் முறை.

இங்கே மேட் தேடாதீர்கள். காவல் இல்லாத காய் எது என்று பாருங்கள். ஜி4 பிஷப்புக்குக் காவலே இல்லை, டி1-இல் நிற்கும் வெள்ளை ராணி அந்த மூலைவிட்டத்திலேயே இருக்கிறது, நடுவில் தடையாக நிற்பது சொந்தக் குதிரை. குதிரையைச் சும்மா நகர்த்தினால் ஜி4 பிஷப் ராணியைத் தூக்கிவிடும், அதனால் குதிரை செக் கொடுத்துக்கொண்டே விலக வேண்டும். ராஜா இ8-இல் இருக்கும்வரை அப்படியொரு செக் இல்லை. அப்படியானால் ராஜாவை இழுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்: பிஷப் எஃப்7 சிப்பாயை வெட்டி செக், ராஜா பிஷப்பை வெட்டுகிறது, குதிரை ஜி5-க்குப் போய் செக், ராஜா எங்கே போனாலும் ராணி ஜி4 பிஷப்பை எடுக்கிறது. கொடுத்தது 3, வாங்கியது 1-ம் 3-ம். லாபம் ஒரு சிப்பாய், போதாததற்குக் கருப்பு ராஜா இனி கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறிப் பாதுகாப்பாவது) செய்யவே முடியாது. முதல் செக்கிலேயே ராஜா வெட்டாமல் டி7-க்கு ஒதுங்கினாலும் சிப்பாய் வெள்ளையின் கையில்தான்.

அப்புறம், ராஜா எஃப்7-இல் பிஷப்பை வெட்டிய அதே நிலையில் குதிரை ஜி5-க்குப் பதில் இ5-க்குப் போனாலும் செக்தான், ராணிக்கும் வழி திறக்கத்தான் செய்கிறது. ஆனால் டி6 சிப்பாய் குதிரையை வெட்டிவிடும், நீங்கள் ஜி4 பிஷப்பை எடுத்து முடிக்கும்போது கொடுத்தது 6, வாங்கியது 4. யோசனை சரி, கட்டம் தப்பு. டாக்டிக்ஸின், அதாவது காய் லாபம் தரும் தந்திர நகர்வுகளின், பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் பெயர் தெரிந்த உற்சாகத்தில் கணக்கைப் போடுவதில்லை.

கணக்கை எங்கே நிறுத்துவது என்பதுதான் அடுத்த சிக்கல். கடைசி வெட்டோடு நிறுத்தாதீர்கள், அதற்குப் பிறகு எதிராளிக்கு செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, உங்கள் காய் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று இன்னும் ஒரு நகர்வு பாருங்கள். சி7-இல் குதிரை ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது) போட்டு ஏ8 யானையை எடுத்தால் 5 புள்ளி என்று துள்ளுவோம், ஆனால் அந்த மூலையிலிருந்து குதிரை வெளியே வர முடியாமல் பிறகு பிடிபட்டால் நிகர லாபம் 2-தான். அதுவும் லாபம்தான், 5 என்று நினைத்துக்கொண்டு மேலே ஆடாதவரை.

இன்னொரு குறிப்பு, இது கொஞ்சம் திருட்டுத்தனம்: நல்ல பஸிலில் ஜெயிக்கிற நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு நகர்வுகள் சமமாக வேலை செய்வதுபோலத் தோன்றினால் ஒன்றில் ஓட்டை இருக்கிறது. நிஜ ஆட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது என்பதால் இதையே நம்பிப் பழகிவிடக் கூடாது.

ஒரு சிப்பாயை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்டால், கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் ராணி ஆக்கலாம். மற்ற எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டு வெள்ளை ராஜா இ6-இல், சிப்பாய் இ5-இல், கருப்பு ராஜா இ8-இல் நின்றால், யாருடைய முறையாக இருந்தாலும் வெள்ளைக்கு வெற்றி. ஆனால் சிப்பாய் இ6-இல், வெள்ளை ராஜா டி6-இல், கருப்பு ராஜா இ8-இல் என்றால் முறை யாருடையது என்பதே எல்லாம். வெள்ளை ஆட வேண்டியிருந்தால் சிப்பாய் இ7-க்குப் போகும், கருப்பு ராஜாவுக்கு எஃப்7 தவிர இடமில்லை, வெள்ளை ராஜா டி7-க்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. கருப்பு ஆட வேண்டியிருந்தால் ராஜா டி8-க்குப் போகும், சிப்பாய் இ7-க்குச் செக்கோடு வரும், ராஜா மறுபடி இ8. இப்போது வெள்ளை சிப்பாயைக் காக்க இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகரவும் இடமில்லை, அதனால் டிரா), வராவிட்டால் சிப்பாய் போச்சு. இந்த இரண்டு நிலைகளும் தெரிந்தால், எப்போது எல்லாக் காய்களையும் வெட்டி மாற்றிக்கொள்ளலாம், எப்போது கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

லாபம் பலிக்காத இடங்களும் உண்டு. ஹெச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்ட பிஷப்பும் இருக்கின்றன, அதாவது 4 புள்ளி அதிகம், ஆனாலும் எதிரி ராஜா ஹெச்8 மூலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் டிரா, ஏனென்றால் அது கருப்புக் கட்டம், உங்கள் பிஷப்பால் அவரை அங்கிருந்து கிளப்பவே முடியாது. ஆளுக்கொரு நிறக் கட்டத்தில் பிஷப் இருக்கும் எண்ட்கேமில் (சில காய்களே மிஞ்சிய இறுதிக் கட்டத்தில்) ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் டிரா ஆவது சகஜம். யானை எண்ட்கேமும் இப்படி நிறையவே கைநழுவும். அங்கே ராஜாவும் யானையும் எவ்வளவு சுறுசுறுப்பாக நிற்கின்றன என்பதுதான் பேச்சு: 1924-இல் நியூயார்க்கில் செஸ் வீரர் டார்டகோவருக்கு எதிராக இன்னொரு செஸ் வீரர் காபாபிளாங்கா தன் சிப்பாய்களையே விட்டுக்கொடுத்து ராஜாவை எஃப்6 வரை நடத்திப் போய் ஜெயித்த ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள்.

பொதுவாக, முன்னால் இருக்கும்போது சிப்பாய் அல்லாத காய்களை மாற்றிக்கொள்ளுங்கள், சிப்பாய்களை மாற்றாதீர்கள். பின்தங்கியிருந்தால் அப்படியே தலைகீழ். இது பழகவும் பஸிலே வழி: விடை சரி என்று வந்ததும் அடுத்ததற்குத் தாவாமல், அந்த நிலையிலிருந்தே கணினியோடு ஆடி முடியுங்கள், கணினியின் பலத்தை நடுத்தரமாக வைத்துக்கொண்டால் போதும். டிராவில் முடிந்தால் லாபம் எந்த நகர்வில் நழுவியது என்று பின்னோக்கிப் பாருங்கள், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் சிப்பாய்களை மாற்றிக்கொண்ட இடத்தை.