போர்ஷே 914-இன் கறுப்புக் கூரை: அசல் மேடுபள்ளத்தை மீட்கும் செய்முறை

1969 முதல் 1976 வரை தயாரான போர்ஷே 914-இன் கூரை ஒரே ஃபைபர் பலகை. கழற்றி, காரின் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் வைத்துவிடலாம். காரின் உடல் மஞ்சளோ ஆரஞ்சோ பச்சையோ, கூரை மட்டும் கறுப்பு. அதுவும் மினுமினுக்காத கறுப்பு. விரலை ஓட்டினால் தோல்போல மெல்லிய மேடுபள்ளம் தட்டுப்படும். தொழிற்சாலையிலிருந்து இந்தக் கார் இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வந்தது என்பதால் மலேசியாவில் இது அரிய வண்டி. கூரையைக் கெடுத்துவிட்டால் மாற்றுக் கூரை கோலாலம்பூரில் எளிதில் கிடைக்காது. அதனால் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

ஸ்ப்ரே கடையில் கொடுத்தால் பெரும்பாலும் என்ன நடக்கும்? பழக்கதோஷத்தில் தேய்த்து வழவழப்பாக்கி, பிரைமரை நிரப்பி, மேலே கிளியர் எனும் நிறமற்ற பளபளப்புப் பூச்சை அடித்து, கண்ணாடிபோல ஆக்கித் தருவார்கள். பானெட்டுக்கு அது சரி. இந்தக் கூரைக்கு அதுதான் பெரிய சேதம். அசல்போலத் தெரிவதற்குக் கறுப்பு நிறம் போதாது. மேடுபள்ளத்தின் அளவும், ஒளி பட்டால் எவ்வளவு மினுங்குகிறது என்பதும்தான் கண்ணில் படும். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் காப்பாற்றவே.

1. கூரை எந்த நிலையில் இருக்கிறது?

கூரையைக் கழற்றி, சுற்றியுள்ள ரப்பரை மெதுவாக உரித்தெடுங்கள். ரப்பருக்கு அடியில் வெயிலும் பாலிஷும் படாத ஒரு குறுகிய ஓரம் இருக்கும். அசல் மேற்பரப்பு எங்காவது மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான். அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சைக் கூரையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, அந்த ஓரத்தையும் நடுப்பகுதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக விழும் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சாய்வான வெளிச்சத்தில்தான் பள்ளங்கள் நிழல் கட்டும்.

மூன்று நிலைகள் உண்டு. மேடுபள்ளம் நடுவிலும் தெளிவாக இருந்து நிறம் மட்டும் சாம்பலாக வெளுத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 2, 5, 7, 8 படிகள் போதும். ஓரத்தில் தெளிவாகவும் நடுவில் மழுங்கியும் இருந்தால் பழைய சாயம் பள்ளங்களை அடைத்திருக்கிறது; அதை எடுத்தாக வேண்டும். நடுப்பகுதி முழுக்க வழவழவென்று இருந்தால் யாரோ தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். மேடுபள்ளத்தைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

அசல் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்காவது மாஸ்க்கிங் டேப் ஒட்டிக் கடைசிவரை தொடாமல் வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது.

2. கழுவுதல்

பலரும் அவசரப்படும் இடம் இது. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் மினுக்கு எண்ணெய்களில் சிலிக்கோன் இருக்கிறது. வெளுத்த கூரையைக் கறுப்பாகக் காட்ட அதைப் பல வருடங்களாகப் பூசியிருப்பார்கள். கழுவுமுன் உப்புத்தாள் போட்டால் சிலிக்கோனைப் பள்ளத்துக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். பிறகு சாயம் அடித்ததும் மீன்கண்போல வட்டவட்டமாக விலகும்.

பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு நைலான் பிரஷால் இரண்டு தடவை தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்தபின், சாயக்கடையில் விற்கும் மெழுகு-எண்ணெய் நீக்கியை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் செய்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். துணியில் கறுப்பும் மஞ்சளும் ஏறாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒருதடவை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: முத்துமுத்தாகத் திரளாமல் படலமாகப் பரவினால் சுத்தம்.

3. பழைய சாயத்தை எடுத்தல்

உலோகத்துக்கான சாதாரண பெயிண்ட் ரிமூவரை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். ஃபைபரில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசினையும் அது சேர்த்து இளக்கிவிடும். சாயம் போகும், கூடவே மேடுபள்ளமும் போகும். டப்பாவில் ஃபைபர் படகுகளுக்கு உகந்தது என்று எழுதியிருக்கும் ஜெல் ரிமூவரை வாங்கி, ஒரு ஓரத்தில் ஐந்து நிமிடம் சோதித்த பிறகே பரப்புங்கள். சாயம் சுருங்கியதும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் வழித்து, பள்ளங்களை நைலான் பிரஷால் துலக்குங்கள். கம்பி பிரஷ் கூடாது, கோடு விழும்.

கழுவிய பிறகு காற்றோட்டமான இடத்தில் இரண்டு முழு நாள் காயவிடுங்கள். திறந்துகிடக்கும் ஃபைபர் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் மேலே காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கறுப்புச் சாயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு, முதல் நல்ல வெயிலில் கொப்புளமாக எழும்.

4. விரிசல்

பூட்டுகள் திருகியிருக்கும் மூலைகளைத்தான் முதலில் பாருங்கள். விசை அங்கேதான் விழுகிறது. விரிசலின் முனையில் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு உள்பக்கத்திலிருந்து 80 எண் உப்புத்தாளால் விரிசலை ஆங்கில ‘வி’ வடிவில் அகலமாகச் சரித்து, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட்டை (நார் விரிப்பை) இரண்டு அடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டுங்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம். 32 பாகை வெயிலில் 1 சதவீதமே போதும்: 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம். கூட்டிப் போட்டால் கிண்ணத்திலேயே புகைந்து கெட்டியாகிவிடும்.

வெளிப்பக்கத்தில் பட்டி குறைவாகப் போடுங்கள். ஒட்டிய இடத்தை ஒரு வாரம் வெயிலில் விட்டு முற்றவிடுங்கள். ரெசின் முழுதாக இறுகுமுன் சாயம் அடித்தால், பிறகு அது சுருங்கி, ஃபைபர் விரிப்பின் நார்வடிவம் மேலே அச்சாகத் தெரியும். அதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஃபைபரைத் தேய்க்கும்போது நல்ல தூசி மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். குழந்தைகளின் துணி காயும் போர்ச்சில் இந்த வேலை வேண்டாம்.

5. பிடிப்பு உண்டாக்குதல்

உப்புத்தாள் மேடுகளை மட்டும்தான் தொடும். பள்ளங்கள் வழவழப்பாகவே இருந்துவிடும், சாயம் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஆகவே மேடுபள்ளம் உள்ள கூரைக்கு உப்புத்தாளை எடுக்காதீர்கள். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் பட்டையும் தேய்ப்புப் பசையும் கொண்டு வட்டமாகத் தேய்த்து, அலசிக் காயவையுங்கள். மேடுபள்ளம் போய்விட்ட கூரையை 320 எண் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கலாம்.

6. பிரைமரும் மேடுபள்ளமும்

கோலாலம்பூரின் சான் சௌ லின் சாலைப் பக்கத்துச் சாயக்கடைகளில் “பிளாஸ்டிக்குக்கு” என்று கேட்டால் பம்பருக்கான ஒட்டுப் பிரைமரைத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது எபோக்சி பிரைமர். கூரை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர், 400 மி.லி. கேன் இரண்டு போதும். மெல்லியதாக இரண்டு பூச்சு. நிரப்பும் பிரைமர் எந்த நிலையிலும் வேண்டாம். மேடுபள்ளம் தப்பிய கூரையில் ஃபைபர் வெளியே தெரியும் இடங்களுக்கு மட்டும் தொட்டுவிட்டு நேரே 7-ஆம் படிக்குப் போங்கள்.

மேடுபள்ளத்துக்கு, பம்பருக்கு அடிக்கும் டெக்ஸ்சர் ஸ்ப்ரேயில் நுண்ணிய வகையாக மூன்று கேன், ஒரே தயாரிப்பு எண்ணில் வாங்குங்கள். பிக்-அப் லோரியின் பின்தட்டுக்கு அடிக்கும் பூச்சு மிகவும் முரடு. வண்டியின் அடியில் அடிக்கும் தார்ப்பூச்சு வெயிலில் இளகும், மேல்சாயத்தில் பழுப்பாகவும் ஊறும். இரண்டுமே வேண்டாம்.

இனி சோதனை. பிரைமர் அடித்த மூன்று துண்டுப் பலகைகளை எடுத்து 25, 35, 50 செ.மீ. தூரங்களிலிருந்து ஒவ்வொன்றிலும் அடியுங்கள். கிட்டே அடித்தால் துளிகள் ஈரமாக விழுந்து ஒன்றோடொன்று கூடி வழியும். தூரத்தில் அடித்தால் நம் வெப்பத்தில் துளி காற்றிலேயே பாதி காய்ந்து, சிமெண்ட் தூவியதுபோலச் சொரசொரக்கும், ஒட்டவும் ஒட்டாது. கேன் குளிர்ந்திருந்தால் துளி பெரிதாகும் என்பதால் அடிக்குமுன் கேன்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வையுங்கள். கொதிநீரில் வைத்தால் கேன் வெடிக்கும். காய்ந்த மூன்று துண்டுகளையும் டேப்பை உரித்து அசல் ஓரத்தின் பக்கத்தில் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். எது நெருங்கி வருகிறதோ அதுவே உங்கள் தூரம். டேப்பை மறுபடி ஒட்டிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகலில் மழை கூடும்போது ஈரப்பதம் ஏறி, சாயம் வெளிறிப் பூக்கும். மாலையில் விளக்குப் போட்டால் ஈசல் வந்து ஒட்டும். புகைமூட்டக் காலத்தில் சாம்பல் விழும். அந்த நாட்களில் தொடங்கவே வேண்டாம். ஏர்கோன் அறையில் வைத்திருந்த கூரையை வெளியே கொண்டுவந்த உடனே அடிக்காதீர்கள். ஐஸ் போட்ட குவளைபோலக் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும். ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கூரையை நான்கு இடங்களில் தாங்கல் கொடுத்து, அதன் இயல்பான வளைவிலேயே வையுங்கள். உள்பக்கத்தை முழுக்க மூடிவிடுங்கள். முதல் பூச்சு தூவல்போல மெலிதாக, நீளவாக்கில். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, குறுக்குவாக்கில். மூன்றாவது மறுபடி நீளவாக்கில். ஒவ்வொரு ஓட்டமும் கூரைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும். கையை நடுவில் நிறுத்தினால் அந்த இடம் தடித்து நிற்கும்.

ஓர் இரவு காய்ந்த பிறகு மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். துளிகளின் உச்சி முள்போலக் கூராக இருக்கும். அசலின் மேடுகளோ உருண்டவை, அச்சில் வார்த்தவை. 400 எண் உப்புத்தாளை ஒரு மென்மையான ஸ்பாஞ்சில் சுற்றி, கையின் எடைகூட விழாமல் நான்கைந்து தடவை வருடுங்கள். முள் மட்டும் உடைய வேண்டும். வீட்டில் செய்த கூரையைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த முள்தான். தூசியைத் துடைத்தெடுக்காமல் காற்றால் ஊதித் தள்ளுங்கள்; துணியின் நூல் முள்ளில் மாட்டும்.

7. கறுப்பு

சேட்டின் கறுப்பு, அதாவது லேசாக மட்டும் மினுங்கும் கறுப்பு, இரண்டு கேன். துளியும் மினுங்காத மேட் கறுப்பு கரும்பலகைபோல உயிரற்றுத் தெரியும், கைரேகையும் பதியும். பளபளப்பைக் குறைக்கும் தூள் கேனின் அடியில் படிந்திருக்கும். உள்ளே குண்டு ஆடத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். இல்லையென்றால் முதல் பாதி மினுங்கும், மறுபாதி மங்கும். மெல்லிய பூச்சு இரண்டு, குறுக்கும் நெடுக்குமாக, 25 செ.மீ. தூரத்தில். மூன்றாவது ஆசைக்கு அடிக்காதீர்கள், பள்ளம் நிரம்பும்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு: சேட்டின் சாயத்தைத் தேய்த்துப் பாலிஷ் போட முடியாது. தூசி விழுந்தால் காயவிட்டு, லேசாக வருடி, கூரை முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். விழுந்த இடத்தை மட்டும் தொட்டால் அது தனித்திட்டாகத் தெரியும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே சாயம் நம் வெயிலுக்கு அதிக நாள் நிற்கும். ஆனால் அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று செலுத்தும் முகமூடி இல்லாமல் அடிக்கவே கூடாது. டூ-கே வேண்டுமென்றால் மேடுபள்ளத்தை நீங்களே முடித்து, கடைசிக் கறுப்பை மட்டும் ஸ்ப்ரே கடையில் கொடுங்கள். சேட்டின் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், “இதே மினுமினுப்பு, கிளியர் வேண்டாம், தேய்க்க வேண்டாம்” என்று எழுதியே கொடுங்கள்.

8. ரப்பர் மாட்டுதல்

ஏழு நாளாவது பொறுங்கள். தொட்டால் காய்ந்திருக்கும் சாயத்துக்குள் இன்னும் தின்னர் இருக்கும். அழுத்தி நிற்கும் ரப்பர் அதில் தடம் பதித்து ஒட்டிக்கொள்ளும். பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, ரப்பரை இழுக்காமல் மூலைகளிலிருந்து தொடங்கி ஒட்டுங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சில மாதங்களில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். கோலாலம்பூர் மழை அந்த வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரம் கூரை காரின் மேலேயே இருக்கட்டும், சாமான் பெட்டிக்குள் வேண்டாம். அதன்பின் உள்ளே வைக்கும்போது தாங்கிகள் தொடும் இடங்களில் மெல்லிய ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள். கழுவ சோப்பு நீரும் மென்மையான பிரஷும் போதும். மெழுகு பள்ளத்தில் வெள்ளையாகப் படியும், மேட்டில் மினுங்கும். இந்தக் கூரைக்கு மெழுகு எப்போதும் வேண்டாம்.