லிமிடெட் எடிஷன் பூமித்தாய் சிற்பம்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் செய்யக்கூடாதவை

பெருத்த வயிறு, கனத்த மார்பு, முகமில்லாத தலை. இப்படி ஒரு சிற்பத்தைக் காட்டி, "இது ஆதி மனிதர் வணங்கிய பூமித்தாய்" என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகைச் சிற்பங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி, 1908-ல் ஆஸ்திரியாவில் கிடைத்த வில்லன்டார்ஃப் சிலை. உயரம் 11 செ.மீ.தான், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிச் செங்காவி பூசியிருக்கிறார்கள். அதைச் செய்தது எழுத்தே இல்லாத காலத்தில். அவர்கள் அதைத் தெய்வமாக வணங்கினார்களா என்று சொல்ல யாராலும் முடியாது, தாய்தெய்வம் என்பது பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் கொடுத்த விளக்கம், அதை ஏற்காதவர்களும் நிறைய. துருக்கியின் சாத்தால்ஹோயுக் என்ற கற்கால ஊரில் 1961-ல் கிடைத்த, இரண்டு விலங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் சுடுமண் பெண்ணுக்கு இப்போது இருக்கும் தலைகூட சீரமைத்தபோது செய்து வைத்ததுதான். அந்த முகத்தைப் பார்த்துச் செய்துவிட்டு "ஆதி முகம்" என்று குறிப்பு எழுதியிருந்தால், எழுதியவர் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். சிற்பம் அழகாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அந்தக் கதைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது எண். 3/8 என்று பொறித்திருந்தால் உலகத்தில் எட்டுதான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம், அது தப்பு. சிற்பிக்கென்று தனியாகச் சில பிரதிகள் வார்ப்பது வழக்கம். பிரான்சில் எண்ணிட்டவை 8, சிற்பியின் பிரதிகள் 4, ஆக மொத்தம் 12 வரை மூல வார்ப்பாக, அதாவது அசலாகக் கணக்கு. வேறு இடங்களில் ஆயிரம் செய்தும் லிமிடெட் எடிஷன் என்று விற்கலாம். அதனால் மொத்தம் எத்தனை, இதே உருவம் வேறு அளவிலோ வேறு பொருளிலோ வருமா, அச்சை அழித்துவிட்டார்களா என்று கேட்டு, பதிலைச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். 1/8 என்பதற்காக அதிகம் கொடுப்பதும் வீண். மெழுகு வார்ப்பில், அதாவது மெழுகு உருவத்தை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் முறையில், ஒவ்வொரு பிரதிக்கும் தனி மெழுகு ஊற்றிக் கையால்தான் திருத்துகிறார்கள், எட்டாவது முதலாவதைவிட நன்றாக வந்திருக்கலாம்.

அப்புறம், புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். "வெண்கல ஃபினிஷ்" என்றால் பெரும்பாலும் ரெசின் என்ற பிளாஸ்டிக் வகைதான், உள்ளே உலோகத்தூள் கொஞ்சம் கலந்திருக்கலாம். உண்மையான வெண்கலம் என்றால் கையில் எடுத்தால் நல்ல கனமும் தொட்டவுடன் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். விரல் நகத்தால் தட்டினால் வெண்கலம் கணீரென்று கேட்கும், ரெசின் மொத்தென்று அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் பெரிய தவறு உலோக பாலிஷ் போட்டுத் தேய்ப்பது. அப்படித் தேய்த்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்: வயிறும் முழங்காலும் புதுப் பித்தளைப் பாத்திரம் மாதிரி மஞ்சளாக மின்ன, மடிப்புகளில் மட்டும் பழைய பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழுப்பு அழுக்கில்லை, சிற்பி சூடும் ரசாயனமும் வைத்துக் கொண்டுவந்த நிறம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். வெளிர்பச்சையாகத் தூள் உதிர்ந்தால் மட்டும் அது வேறு விஷயம், குளோரைடு என்ற உப்பு உலோகத்தை அரிக்கிறது. தண்ணீர் படாமல் உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, உலோகச் சிற்பங்களைப் பராமரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.