சிறிய காரில் ஸ்டெபிலைசர் புஷ் மாற்றுவது எப்படி?

வேகமாகப் போகும்போது ஒன்றும் கேட்காது. மெதுவாக, குண்டும் குழியுமான தெருவில் ஊர்ந்து போகும்போது மட்டும், காலடிக்குக் கீழே எங்கோ யாரோ மரச் சுத்தியலால் 'டொக், டொக்' என்று தட்டுவது போல இருக்கும். இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் சத்தம் குறைவாகவும், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அதிகமாகவும் கேட்டால், ஷாக் அப்சார்பரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் புஷ்ஷை, அதாவது ஸ்டெபிலைசர் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் துண்டைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். புதிய ஷாக் அப்சார்பர்களோடு பழைய சத்தமும் வீடு வந்து சேர்ந்தது. கடைசியில் பிடிபட்ட குற்றவாளி, உள்ளங்கையில் அடங்கிவிடும் இரண்டு ரப்பர் துண்டுகள். அவற்றை நானே மாற்றினேன். முதல் முறை அரை நாள் ஆனது. அதில் பாதி நேரம் என்னுடைய ஒரே ஒரு தவறால் வீணானது. அந்தத் தவறைப் பிறகு சொல்கிறேன்.

கம்பி என்ன செய்கிறது?

காரின் முன்பக்கத்தில், அடியில், குறுக்கே ஓடும் வில் எஃகுக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். மேலிருந்து பார்த்தால் அகலமான 'ப' எழுத்தைப் போல இருக்கும். அதன் இரு முனைகளும் லிங்க் எனப்படும் சிறிய தண்டுகள் வழியாக இடது, வலது சக்கரங்களின் ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) அல்லது லோயர் ஆர்மோடு (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) சேர்கின்றன. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் கவ்விக்கொள்கின்றன. ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் ஓர் இரும்புக் கிளாம்ப் அமர்ந்து, அதைச் சப்ஃபிரேம் எனப்படும் அடிச்சட்டத்தோடு சேர்த்து இறுக்குகிறது.

இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பிக்கு வேலை இல்லை. புஷ்ஷுக்குள் சும்மா சுழன்றுகொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதைத் தடுக்கிறது. புஷ்ஷின் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டால், முறுக்கு ஏறும் கணத்தில் கம்பி இடைவெளியைத் தாண்டிப் போய்க் கிளாம்ப்பின் பக்கம் இடிக்கும். நாம் கேட்கும் 'டொக்' அதுதான்.

கம்பி ஒரு ஸ்பிரிங் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரை எப்படித் தூக்குவது என்பது முதல் கடைசி போல்ட்டை எப்போது இறுக்குவது என்பது வரை எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

புஷ்தானா என்று உறுதிசெய்யுங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, புஷ்ஷுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து மேலும் கீழுமாகப் பலமாக ஆட்டுங்கள். புஷ்ஷுக்குள் கம்பி அசைவது கைக்குத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கை எட்டாவிட்டால் ஒரு சிறிய நெம்புகோலை வைத்து மெல்ல நெம்பிப் பார்க்கலாம். புஷ்ஷை ஒட்டிய இடத்தில் பெயின்ட் போய், கம்பி பளபளவென்று மின்னுகிறதா என்றும் பாருங்கள். ரப்பர் நெடுநாளாகத் தேய்த்துக்கொண்டிருந்ததற்கு அது அடையாளம்.

தட்டும் சத்தத்துக்குப் பதிலாக 'கிரீச்' என்று முனகும் சத்தம் வந்தால், புஷ் மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை சத்தம் அடங்கினால் இடம் தெரிந்துவிட்டது.

லிங்கையும் ஆட்டிப் பார்க்க மறக்க வேண்டாம். அதன் பந்து மூட்டு தேய்ந்தால் 'கடகட' என்று வறண்ட சத்தம் வரும். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போதே சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டைப் பார்க்க வேண்டும். லோயர் ஆர்மின் பந்து மூட்டில் ஆட்டம் தெரிந்தால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

வாங்குவதற்கு முன்

எல்லாக் கார்களிலும் புஷ் தனியாகக் கிடைக்காது. சில கார்களில் ரப்பர் கம்பியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அங்கே முழுக் கம்பியையும் மாற்ற வேண்டியதுதான். தனி புஷ் என்றால் அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு வெட்டு தெரியும். பழைய வடிவமைப்பு கொண்ட சில சிறிய கார்களில் லிங்கே கிடையாது. கம்பியின் முனை நேராக லோயர் ஆர்முக்குள் போகும். அங்கே ஆர்மை முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அந்தக் கம்பிதான். முதல் முயற்சியை அப்படிப்பட்ட காரில் தொடங்க வேண்டாம்.

கிளாம்ப் போல்ட்களுக்கு வழி இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். சில கார்களில் அவை ஸ்டீயரிங் ராக்கின் (முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) பின்னால் ஒளிந்திருக்கும். எடுக்கச் சப்ஃபிரேமையே சற்றுத் தாழ்த்த வேண்டும். அது வீட்டு வேலை அல்ல, பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவு. காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிப் புஷ் வாங்காதீர்கள். ஒரே மாடலில் என்ஜினுக்கு ஏற்பக் கம்பியின் தடிமன் மாறலாம். கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் படிக்கேற்ப ஏறும், 20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். அதனால் நிறுவனங்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் விளையாடுகின்றன. வெர்னியர் காலிப்பரால், புஷ்ஷுக்குப் பக்கத்தில் தேயாத இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. கம்பியில் 22 மி.மீ. புஷ்ஷைப் போட்டால் முதல் நாளிலிருந்தே தட்டும்.

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் வகையில் செய்த புஷ் நெடுநாள் உழைக்கும் என்பார்கள். உழைக்கும்தான். கிரீஸ் காய்ந்தால் முனகவும் செய்யும். அன்றாடம் ஓட்டும் காருக்கு ரப்பரே போதும் என்பது என் கட்சி. எதை வாங்கினாலும் இரு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, தாங்குதிறன் உள்ள இரண்டு ஜாக் ஸ்டாண்ட், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், 10 முதல் 17 மி.மீ. வரை அறுமுகச் சாக்கெட்டுகள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் கருவி), வயர் பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், சோப்புத் தண்ணீர், கண்ணைக் காக்கும் கண்ணாடி. கண்ணாடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மல்லாந்து படுத்து மேலே பார்த்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: 13 மி.மீ. சாக்கெட் பொருந்தும் போல்ட் 13 மி.மீ. போல்ட் அல்ல. அது தலையின் அளவு. தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. இருக்கும். டார்க், அதாவது போல்ட்டைத் திருகி இறுக்கும் விசையின் அளவு, பார்க்கும்போது இந்தக் குழப்பம் வரும்.

படி 1: முந்தின நாள் மாலை

கிளாம்ப் போல்ட்களின் மரையில் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். இரவு முழுவதும் அது செய்யும் வேலையை மறுநாள் உங்கள் தோள் செய்ய வேண்டியிருக்காது. எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டு பக்கத்தையும் தூக்குங்கள்

என் தவறு இங்கேதான். டயர் மாற்றும் பழக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினேன். ஒரு சக்கரம் தரையில், மற்றது காற்றில் தொங்குகிறது. கம்பி முழுதாக முறுக்கிக்கொண்டது. போல்ட் கடைசி மரையைத் தாண்டியதும் கிளாம்ப் துள்ளி விழுந்தது. அதன்பின் கம்பியைத் துளைக்கு நேராகக் கொண்டுவர ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன், முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் இறக்கி, இரண்டு பக்கத்தையும் தூக்கியபோது கம்பி ஒரு கையால் நகர்ந்தது.

கெட்டியான சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். முன்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். காரின் கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். பிறகு காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். ஜாக்கியின் சீல் எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. கழற்றிய சக்கரங்களைக் காரின் ஓரத்தில் அடியில் படுக்க வைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

சக்கரத்தைக் கழற்றாமலேயே போல்ட் எட்டும் காராக இருந்தால், முன்சக்கரங்களை இரண்டு சாய்தளங்களில் ஏற்றி நிறுத்துவது இன்னும் நல்லது. சக்கரங்கள் பாரம் தாங்கியபடியே இருப்பதால் கம்பி இயல்பான நிலையில் இருக்கும்.

படி 3: கழற்றுங்கள்

முதலில் கைப்பேசியில் படம் எடுங்கள். புஷ்ஷின் வெட்டு முன்னால் பார்க்கிறதா, பின்னால் பார்க்கிறதா, கிளாம்ப்பின் எந்தப் பக்கம் மேலே என்பதெல்லாம் இப்போது தெளிவாகத் தெரியும். அரை மணி நேரம் கழித்து மறந்துவிடும்.

சாக்கெட்டைத் தலையில் முழுவதும் அழுத்தி உட்காரவைத்து, போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, சிறிது திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் துருப்பிடித்த போல்ட் முறியும். அல்லது சப்ஃபிரேமுக்குள் வெல்டிங் செய்த நட்டு பிடுங்கிக்கொண்டு கூடவே சுழலும். இரண்டும் ஒரு நாள் வேலையை ஒரு வார வேலையாக்கும். அடம்பிடித்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் பொறுமை.

இரண்டு பக்கக் கிளாம்ப்களையும் தளர்த்திய பிறகு ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் கழற்றுங்கள். மறு பக்கம் கம்பியைத் தாங்கிக்கொள்ளும். கம்பி போதிய அளவு இறங்கவில்லை என்றால் லிங்கின் ஒரு முனையைக் கழற்ற வேண்டியிருக்கும். நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுழன்றால், தண்டின் நுனியில் இருக்கும் குழியில் ஆலன் கீயை விட்டுப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். ஒரு பக்க லிங்கைக் கழற்றினால் மறு பக்கத்தையும் கழற்றிவிடுங்கள். கம்பி முறுக்கில்லாமல் தொங்கும்.

பழைய புஷ்ஷை வெட்டு வழியாக விரித்தால் வந்துவிடும். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகிவிட்டதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது.

படி 4: கம்பியைச் சுத்தம் செய்யுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. புஷ் உட்காரும் இடத்தில் துருவும் மண்ணும் இருந்தால், அது எமரி பேப்பரைப் போலப் புதிய ரப்பரைத் தின்றுவிடும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்க வேண்டும். துரு ஆழமாகக் குழி விழுந்து தடிமனே குறைந்திருந்தால் புதிய புஷ் பயன் தராது. கம்பியையே மாற்ற வேண்டும். சப்ஃபிரேமில் புஷ் அமரும் தட்டையான இடத்தையும் துடையுங்கள்.

படி 5: புதியதைப் பொருத்துங்கள்

ரப்பர் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். வழுக்கிக்கொண்டு உட்காரும், பிறகு காய்ந்துவிடும். சாதாரண கிரீஸோ என்ஜின் ஆயிலோ வேண்டாம். அவை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். பாலியூரிதேன் புஷ்ஷுக்கு மட்டும் அதனுடன் தரும் கிரீஸ், அல்லது சிலிகோன் கிரீஸ்.

வெட்டு பழைய திசையிலேயே இருக்கட்டும். தட்டைப் பக்கம் சப்ஃபிரேமைப் பார்க்க வேண்டும். கிளாம்ப்பை மேலே போட்டு, போல்ட்களை விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். புதிய ரப்பர் தடித்திருப்பதால் கிளாம்ப்புக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், பயப்பட வேண்டாம். ராட்செட்டை வைத்து ஆரம்பித்தால்தான் மரை குறுக்கே ஏறிக் கெட்டுப்போகும். விரலால் ஏறவில்லை என்றால், யாராவது கம்பியை மேலே தூக்கிப் பிடிக்கட்டும். இரண்டு போல்ட்டும் பிடித்த பிறகு மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கிளாம்ப் தொட்டு நிற்கும்வரை போதும். மறு பக்கத்தையும் இப்படியே முடித்து, லிங்கை மாட்டுங்கள்.

படி 6: கடைசி இறுக்கம் பாரத்தின் கீழ்

சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்குங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காரின் முன்பக்கத்தைக் கையால் சில முறை அழுத்திவிட்டால் சஸ்பென்ஷன் இயல்பான உயரத்துக்கு வரும். கிளாம்ப் போல்ட்களை முழு அளவுக்கு இறுக்குவது அதன் பிறகுதான். அடியில் இடம் போதாவிட்டால் சாய்தளங்களில் ஏற்றி நிறுத்தி இறுக்கலாம். கார் தொங்கிய நிலையில் இறுக்கினால் புஷ் கம்பியைத் தவறான கோணத்தில் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே வாழ வேண்டிவரும்.

டார்க் அளவை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்: 8.8 தரத்திலுள்ள 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அளவும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 50 அளவும் இருக்கும். கையேட்டின் எண் இதிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தால் சரியான பக்கத்தைத்தான் பார்க்கிறோமா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் கையேடு சொல்வதே சரி.

ஓட்டிப் பாருங்கள்

ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, முன்பு சத்தம் கேட்ட அதே தெருவில் அதே வேகத்தில் போங்கள். முதல் சில கிலோமீட்டருக்கு மெல்லிய முனகல் கேட்கலாம். சோப்பு காய்ந்து புஷ் அமர்ந்ததும் போய்விடும். 'டொக்' போய், 'கடகட' மட்டும் மிச்சமிருந்தால் அது லிங்க். பெரிய சத்தம் அடங்கிய பிறகுதான் இந்தச் சின்னச் சத்தம் காதில் விழும். நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பின் டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை குனியுங்கள். ஒவ்வொரு கிளாம்ப் போல்ட்டும் நகராமல் உடனே 'டிக்' என்றால் கருவிகளை எடுத்து வைத்துவிடலாம்.