பூனை எப்படிப் பறந்தது? சர்ரியலிச உருவப்படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஒரு மனிதர் அந்தரத்தில் குதிக்கிறார். மூன்று பூனைகள் பறக்கின்றன. வாளித் தண்ணீர் வில்லாக வளைந்து காற்றிலேயே நிற்கிறது. நாற்காலியின் காலும் தரையில் இல்லை. இந்தப் புகைப்படத்தை முதல்முறை பார்த்தபோது, 'நல்ல போட்டோஷாப் வேலை' என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அப்புறம்தான் கீழே வருடத்தைப் பார்த்தேன்: 1948.

அன்று பட்ட வெட்கத்தில் கிடைத்ததுதான் இந்த முறை. நிஜத்தில் நடக்காததை நடந்த மாதிரி காட்டும் கலைப் பாணிதான் சர்ரியலிசம். 'சர்ரியலிசம் என்றால் கனவு மாதிரி இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே பார்த்தால் எல்லாக் கலைஞர்களும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அதை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தில் பொய் எங்கே நடந்தது?

படி 1: இரண்டு படம் போதும்

இருபது படங்களைத் திறந்து வைக்காதீர்கள். வெவ்வேறு கலைஞர்கள் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள், போனில் ஓரங்கள் தெரியாது. ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும்.

படி 2: பொய் நடந்த இடத்தைத் தேடுங்கள்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இந்தப் படிதான். இடங்கள் மொத்தம் மூன்று: லென்ஸுக்கு முன்னால், கேமராவுக்குள், படம் எடுத்து முடித்த பிறகு.

மேலே சொன்ன படத்தின் பெயர் 'டாலி அட்டாமிகஸ்'. எடுத்தவர் ஃபிலிப் ஹால்ஸ்மன், குதிப்பவர் ஓவியர் சால்வடோர் டாலி. அணுவுக்குள் எதுவும் எதையும் தொடுவதில்லை என்ற அந்தக் காலத்துப் பேச்சிலிருந்து வந்த யோசனை. ஓவியங்களைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். நாற்காலியை ஹால்ஸ்மனின் மனைவி ஃபிரேமுக்கு வெளியே நின்று கையால் தூக்கிப் பிடித்திருந்தார். ஹால்ஸ்மன் எண்ண எண்ண, உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசுவார்கள், அடுத்த எண்ணுக்கு டாலி குதிப்பார். ஒவ்வொரு முறையும் ஹால்ஸ்மன் டார்க்ரூமுக்குப் போய் ஃபிலிமைக் கழுவிப் பார்ப்பார். அதற்குள் மற்றவர்கள் தரையைத் துடைத்து, பூனைகளைத் தேடிப் பிடித்து வருவார்கள். இப்படி 25 தடவைக்கு மேல். பூனைகளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது, இன்று இதை யாரும் செய்யவிட மாட்டார்கள்.

திருத்தாத பிரதியும் இணையத்தில் கிடைக்கிறது. அதில் கம்பியும் தெரியும், நாற்காலியைப் பிடித்த கையும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஹால்ஸ்மன் பிடிபட்டுவிடுவார். பொய்யில் முக்கால்வாசி லென்ஸுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. பிறகு செய்தது கம்பியையும் கையையும் நீக்கியதும், காலியாக இருந்த ஒரு சட்டத்துக்குள் டாலி படம் வரைந்து சேர்த்ததும்தான்.

இதன் பக்கத்தில் புகைப்படக் கலைஞர் மேன் ரே 1922இல் எடுத்த லூயிசா கசாட்டியின் படத்தை வையுங்கள். பாரிஸ், ரோம் என்று சுற்றிய பெரும் பணக்காரச் சீமாட்டி அவர். படமெடுக்கப் போன இடத்தில் விளக்குகளைப் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது. இருந்த வெளிச்சத்தில் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டிய நிலை. அந்த அம்மாள் அசையாமல் இருக்கவில்லை. கழுவிப் பார்த்தால் ஒரே முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கண்கள். மேன் ரே தோல்வி என்று ஒதுக்கியதைக் கசாட்டி பார்த்துவிட்டு, டஜன் கணக்கில் பிரதி கேட்டாராம். இங்கே பொய் கேமராவுக்குள் நடந்தது, அதுவும் தற்செயலாக.

படி 3: முகத்தை மறையுங்கள்

ஒரு துண்டுக் காகிதத்தால் பிரபலத்தின் முகத்தை மூடிவிட்டுப் பாருங்கள். டாலியின் விரிந்த கண்ணையும் மீசையையும் மூடினால் ஹால்ஸ்மன் படத்தில் உயிர் பாதி போய்விடும். அமெரிக்கரான டேவிட் லஷாப்பெல் எடுத்தவற்றில் பலவற்றுக்கு அப்படி ஆகாது. மிட்டாய்க் கடை மாதிரி அடிக்கும் நிறம், பெரிய பெரிய செட், அதற்குள் நட்சத்திரமும் ஒரு பொருள். 1999இல் பாடகர் எல்டன் ஜானை எடுத்தபோது முகத்தை மறைக்கும் வேலையை லஷாப்பெல்லே செய்துவிட்டார்: இரண்டு கண் மேலும் முட்டை! எல்டன் ஜான் மேன் ரேயின் படங்களைத் தேடித் தேடிச் சேகரிப்பவர் என்பது தெரிந்தால் அந்த முட்டையை இன்னும் ரசிக்கலாம்.

படி 4: அளவைக் கவனியுங்கள்

ஆங்கஸ் மெக்பீன் என்ற வேல்ஸ்காரர் 1950இல் ஒரு அழகுசாதன விளம்பரத்துக்காக நடிகை ஆட்ரி ஹெப்பர்னை எடுத்தார். ஹெப்பர்ன் அப்போது நட்சத்திரம் ஆகவில்லை. மணலிலிருந்து தோளும் தலையும் மட்டும் முளைத்து நிற்க, அருகில் குட்டிக் கிரேக்கத் தூண்கள். அவ்வளவுதான், ஹெப்பர்ன் ராட்சசி ஆகிவிட்டார். டிம் வாக்கர் என்ற புகைப்படக் கலைஞர் இதைத் தலைகீழாகச் செய்வார்: பொருளைப் பிரம்மாண்டமாகச் செய்து வைப்பார், மனிதர் பொம்மையாகிவிடுவார்.

படி 5: ஒன்றைச் செய்து பாருங்கள்

பூனை வேண்டாம். மெக்பீன் தந்திரம் போதும், செலவில்லாதது. வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் தங்கையைப் படுக்க வைத்து, கழுத்து வரை மணலை ஏற்றி, பழைய சொப்புச் சாமான்களை, அதாவது குட்டிப் பொம்மைப் பாத்திரங்களை, வைத்து நான் எடுத்தேன். முதல் பத்துப் படமும் வீண். சொப்புப் பானையை லென்ஸுக்குக் கிட்டே வைத்திருந்தேன், பானை தெளிவாக இருந்தது, தங்கை மங்கலாகப் போனாள். பொருளை முகத்துக்குப் பக்கத்திலேயே, லென்ஸிலிருந்து அதே தூரத்தில் வைக்க வேண்டும். போனில் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடையும் அணைத்துவிடுங்கள், அது போட்டால் குட்டுத் தெரிந்துவிடும். போனைத் தரையோடு தரையாகப் பிடித்து, மணலை ஈரக் கையால் தட்டிச் சமன் செய்யுங்கள். விரல் தடம் ஒன்று இருந்தாலே மணலின் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

பதினோராவது படத்தில் தங்கை அடுப்பை விழுங்க வந்த அரக்கி மாதிரி வந்தாள். காதுக்குள் போன மணலுக்கு இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.