புது க்ளையண்ட் வரும்போது சொதப்பும் டெம்ப்ளேட்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஏழு பேர். மாதத்துக்கு இரண்டு மூன்று புது க்ளையண்ட் வருவார்கள். பான் நகல் கேட்பது, ஜிஎஸ்டி லாகின் வாங்குவது, டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) பேக்கப் எடுப்பது என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே வேலைகள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எதற்குத் தட்ட வேண்டும் என்று ப்ராஜெக்ட் சாஃப்ட்வேரில் ஒரு டெம்ப்ளேட் போட்டோம். முதல் வருடம் அது செய்த உபகாரத்தைவிட உபத்திரவம்தான் அதிகம். சாஃப்ட்வேர்மேல் பழி போட முடியாது. ஆசானா, கிளிக்அப், ட்ரெல்லோ, நம்ம ஊர் ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ் என எதை எடுத்தாலும் டெம்ப்ளேட் வசதி இருக்கிறது. நாங்கள் எழுதிய விதத்தில்தான் கோளாறு.

டெம்ப்ளேட்டையே தப்பான இடத்தில் ஆரம்பித்தோம். நன்றாக முடிந்த ஒரு க்ளையண்ட்டின் ப்ராஜெக்ட்டை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டோம். நான்கு மாதம் கழித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை அவருடைய ப்ராஜெக்ட்டுக்குள் விருந்தினராகச் சேர்த்தோம். அரை மணி நேரத்தில் போன். "சார், இதுல 33-ல ஆரம்பிக்கிற ஒரு ஜிஎஸ்டி நம்பர் இருக்கே, அது எங்களோடது இல்லையே?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு டாஸ்க்கின் விளக்கப் பெட்டியில் பழைய க்ளையண்ட்டின் ஜிஎஸ்டி எண் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். ஆக, ஒருவருடைய பான் எண்ணை இன்னொருவருக்கு நாங்களே அனுப்பியிருக்கிறோம். அதே பெட்டியில் பாஸ்வேர்டு இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். பழைய ப்ராஜெக்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் டெம்ப்ளேட்டை வெற்றுப் பக்கத்தில் தொடங்குங்கள். பாஸ்வேர்டை எந்த டாஸ்க்கிலும் எழுதாதீர்கள், அதற்கென்று தனி சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன.

அடுத்தது தேதிகள். இதில்தான் அதிகம் அடிவாங்கினோம். 'சேர்ந்த நாளிலிருந்து இத்தனையாவது நாள்' என்று டியூ டேட் போடும் வசதியைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரே உற்சாகம். எல்லா டாஸ்க்குக்கும் அப்படியே போட்டோம். ஆவணங்கள் வாங்க 3 நாள், முதல் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஃபைல் பண்ண 20 நாள். ஜனவரி 12-ஆம் தேதி ஒருவர் சேர்ந்தார். ஆவணம் கேட்கும் டாஸ்க் பொங்கல் விடுமுறைக்குள் போய் விழுந்தது. சரி, அது சிரிப்போடு போயிற்று. ஆனால் 3பி டாஸ்க் பிப்ரவரி 1 என்று காட்டியது. டிசம்பர் மாத 3பி-க்குக் கெடு ஜனவரி 20. அரசாங்கத்துக்கு உங்கள் க்ளையண்ட் எந்த நாளில் சேர்ந்தார் என்பதில் அக்கறை இல்லை.

மாதாமாதம் ஃபைல் பண்ணுபவருக்கு அடுத்த மாதத்தில் வரும் கெடு தேதிகள் இவை: டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட 7, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போட 11, பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15, 3பி-க்கு 20. டிடிஎஸ்ஸில் மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. டர்ன்ஓவர் 5 கோடிக்குள் இருந்து ஜிஎஸ்டியில் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தவர் என்றால் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 13, 3பி-க்குத் தமிழ்நாட்டில் 22. இவற்றையெல்லாம் சேர்ப்பு டெம்ப்ளேட்டிலிருந்து பிடுங்கி, மாதா மாதம் திரும்ப வரும் தனி ப்ராஜெக்ட்டாக வைத்துவிட்டோம். சேர்ப்பு டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு டாஸ்க் மட்டும் இருக்கிறது: 'அடுத்து வரும் கெடு எது என்று பார்த்து, இவரை மாதப் பட்டியலில் சேர்.' முதல் நாளே முடிக்க வேண்டியது, சீனியர் ஒருவர் பொறுப்பு.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு நம் வேலையை மட்டும் எழுதுவது. எங்கள் பழைய டெம்ப்ளேட்டில் 'ஜிஎஸ்டி லாகின் வாங்கு' என்று ஒரே வரி இருந்தது. ஆர்ட்டிகிளாக (சிஏ பயிற்சிக்கு) வந்திருந்த பெண் அதை எடுத்துக்கொண்டு க்ளையண்ட்டுக்குப் போன் செய்தாள். யூசர் நேம் கிடைத்தது, பாஸ்வேர்டு அவருக்கு ஞாபகம் இல்லை. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் ஓடிபி பழைய ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர் ஒருவருடைய நம்பருக்குப் போகிறது. அந்த ஊழியர் வேலையை விட்டே போய்விட்டார். டாஸ்க் 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற நிலையிலேயே பதினோரு நாள் கிடந்தது. யார்மேல் நிற்கிறது என்று பார்த்த யாருக்கும் தெரியாது. க்ளையண்ட் நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்தார், நாங்கள் அவர் இழுத்தடிக்கிறார் என்று நினைத்தோம்.

இப்போது அந்த ஒரு வரி நான்கு டாஸ்க்காக இருக்கிறது. போர்ட்டலில் பதிவாகியிருக்கும் மொபைலும் மின்னஞ்சலும் யாருடையவை என்று கேள். க்ளையண்ட்டுடையதாக இருந்தால் லாகினைச் சரிபார். லாகின் இருந்தும் நம்பர் வேறொருவருடையது என்றால் உள்ளே போய்த் திருத்தம் போடு. லாகினும் இல்லை, நம்பரும் கைவசம் இல்லை என்றால், அந்தப் பகுதிக்கான வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு விண்ணப்பிக்கச் சொல். அதிகாரியே மொபைலையும் மின்னஞ்சலையும் மாற்றித் தரும் வழி 2018-லேயே வந்துவிட்டது. கூடவே நிலைகளில் 'க்ளையண்ட்டுக்காகக் காத்திருப்பு', 'வெளியாருக்காகக் காத்திருப்பு' என்று இரண்டைச் சேர்த்தோம். காத்திருப்பில் போகும் ஒவ்வொரு டாஸ்க்கும் எந்தத் தேதியில் மறுபடி நினைவூட்ட வேண்டும் என்பதோடுதான் போக வேண்டும்.

முந்தைய ஆடிட்டருக்கு எழுதும் கடிதமும் இதே ரகம். 1949-ஆம் வருடத்துச் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் சட்டப்படி, வேறொரு சிஏ பார்த்துவந்த தணிக்கையை ஏற்கும் முன் அவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். 'கடிதம் அனுப்பு' என்று மட்டும் டாஸ்க் இருந்தால், அனுப்பியதும் டிக் அடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை இணைத்த பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு என்று டாஸ்க்கிலேயே எழுதிவையுங்கள்.

ஆட்கள் பெயரைப் போட்டு அசைன் பண்ணுவதும் வேண்டாம். அவர் வேலையை விட்ட பிறகும் டாஸ்க்குகள் அவர் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். 'சீனியர்', 'ஆர்ட்டிகிள்' என்று பொறுப்பைப் போடுங்கள். ஆசானாவில் இதற்கென்றே வசதி உண்டு, இல்லாத சாஃப்ட்வேரில் டாஸ்க் தலைப்பிலேயே எழுதிவிடலாம்.

அப்புறம், எல்லோருக்கும் ஒரே டெம்ப்ளேட் என்ற பேராசை. எங்களுடையது ஒரு கட்டத்தில் 64 டாஸ்க் வரை வீங்கியது. தனி உரிமையாளராக ஜவுளிக் கடை நடத்துபவர் ஜிஎஸ்டியில் ஓடிபி வைத்தே கையெழுத்திடலாம். பிரைவேட் லிமிடெட்டுக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) கட்டாயம். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்ததால், பாதி டாஸ்க்கை 'இவருக்குப் பொருந்தாது' என்று அழிப்பதே ஆர்ட்டிகிள்களின் முதல் வேலையாகிவிட்டது. அழிக்கிற வேகத்தில் தேவையானதும் சில சமயம் போய்விடும். இப்போது எல்லோருக்கும் பொதுவாக 14 டாஸ்க். கம்பெனி, சம்பளப் பட்டியல், இறக்குமதி என்று ஒட்டிக்கொள்ளும் சின்னத் துண்டுகள் தனி. கூட்டுவதில் வரும் தப்பு கழிப்பதில் வருவதைவிடக் குறைவு.

கடைசியாக ஒன்று. டெம்ப்ளேட்டில் ஒரு டாஸ்க்கைத் திருத்தினால், ஏற்கெனவே அதிலிருந்து உருவான ப்ராஜெக்ட்டுகளில் அது தானாக மாறிவிடும் என்று நம்பாதீர்கள். நடந்துகொண்டிருப்பவற்றில் கையால்தான் மாற்ற வேண்டும். அதனால் எங்கள் டெம்ப்ளேட்டின் 14-ஆவது டாஸ்க்கே இதுதான்: 'இந்த க்ளையண்ட்டிடம் எங்கே மாட்டிக்கொண்டோம்? டெம்ப்ளேட்டில் மாற்று. இன்னும் யாருடைய ப்ராஜெக்ட் ஓடுகிறது? அங்கேயும் மாற்று.' போன வாரம் அதில் வந்த குறிப்பு: டேலி பேக்கப் வாங்கும்போது எந்த வெர்ஷன் என்றும் கேட்க வேண்டும், நம்மிடம் இருக்கும் பழைய வெர்ஷனில் அது திறக்கவில்லை.