கல்லூரி விளையாட்டு வீரர்களின் மனநலம் காக்க: பயிற்சியாளர்களுக்கான வழிமுறைகள்

கல்லூரி அணியில் ஆடும் மாணவர் தம் மன உளைச்சலை மறைப்பதற்கு வெட்கம் மட்டுமே காரணமன்று. யாரிடம் அதைச் சொல்ல வேண்டுமோ, அவரே ஆடும் அணியைத் தீர்மானிப்பவராகவும் இருக்கிறார். ஆகவே, பருவத் தொடக்கத்திலேயே, அணித் தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத ஓர் ஆலோசகரையோ ஆசிரியரையோ இதற்கென நியமித்து, அவரிடம் பேசுவது எதுவும் பயிற்சியாளருக்குத் தெரிவிக்கப்படாது என்பதையும், உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் மட்டுமே இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் அணியின் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் எங்கிருக்கிறது என்ற உணர்வு தப்பியதால், குழு இறுதிப்போட்டியிலிருந்து பாதியில் விலகினார். அவருக்கிருந்த செல்வாக்கு முதலாண்டு மாணவி ஒருவருக்கு இருக்காது என்பதால், அந்தப் பாதுகாப்பை விதியாகவே எழுதிவைப்பது நல்லது.

மாற்றம் தெரிந்தால் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டால் "சரிதான் சார்" என்ற பதில்தான் வரும். மாறாக, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, மைதானத்தைச் சுற்றி நடந்தபடியே, "எப்போதும் கடைசியாகக் கிளம்புகிறவன் நீ, இரண்டு வாரமாகப் பயிற்சி முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுகிறாய். தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கண்ணால் கண்டதைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் உடனே அறிவுரையில் இறங்க வேண்டாம். நோய் இன்னதென்று கண்டறிவதும் உங்கள் வேலையன்று. சர்வதேச ஒலிம்பிக் குழு உருவாக்கிய மனநல மதிப்பீட்டு முறை 10 கேள்விகள் கொண்ட படிவத்தில் தொடங்குகிறது. எளிதாகத் தோன்றினாலும், அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் விளையாட்டு மருத்துவரும் உரிமம் பெற்ற பிற மருத்துவ வல்லுநர்களுமே.

மிகுந்த கவனம் தேவைப்படுவது காயத்தின்போதுதான். முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் களம் திரும்பப் பெரும்பாலும் 9 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் காலத்தில் அவர் இழப்பது ஆட்டத்தை மட்டுமல்ல. நாளின் ஒழுங்கு, உடன் சாப்பிடும் நண்பர்கள், தம்மைப் பற்றிய பெருமிதம் அனைத்தும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகின்றன. அவரை அணிக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து அழையுங்கள். தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலையைத் தராமல், எதிரணியின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது போன்ற பயனுள்ள பொறுப்பைத் தாருங்கள். அறுவை சிகிச்சைக்கு அடுத்த வாரம், அணி முக்கியமான போட்டியில் ஆடும் நாள், மீண்டும் அடிபடுமோ என்ற அச்சம் எழும் மறுவருகைக்கு முந்தைய நாட்கள் ஆகியவற்றில் தவறாமல் விசாரியுங்கள். தலையில் அடிபட்டவரிடம் தோன்றும் எரிச்சலும் சோர்வும் மூளை அதிர்ச்சியின் விளைவாகவே இருக்கலாம் என்பதால், அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அன்றாட ஏற்பாடுகளில், செமஸ்டர் தேர்வு வாரத்தில் பயிற்சிச் சுமையைக் குறைப்பதும், இரவு வெகுநேரம் பயணம் செய்து திரும்பிய மறுநாள் அதிகாலைப் பயிற்சியைத் தவிர்ப்பதும் உடனே செய்யக்கூடியவை. எல்லோர் முன்னிலையிலும் எடை பார்க்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். உழைப்புக்கேற்ற உணவின்றி வீராங்கனைக்கு மாதவிடாய் நின்றுபோனால், அதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகக் கருதாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வாழ்வதில் பொருளில்லை என்பது போன்ற சொற்கள் காதில் விழுந்தால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உண்டு என்றால், அவரைத் தனியே விடாமல் நீங்களே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவு கடுமையில்லாத நிலையில், ஆலோசகரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்ததோடு நில்லாமல், சந்திப்பு நேரத்தை உடனிருந்து உறுதிசெய்யுங்கள். சிகிச்சை தொடங்கியதும் அவரை அணியிலிருந்து ஒதுக்கிவைத்துவிட வேண்டாம். எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்பதை மாணவரும் சிகிச்சையளிப்பவரும் சேர்ந்து முடிவுசெய்ய, அட்டவணையை அதற்கேற்ப மாற்றுவதே உங்கள் பொறுப்பு.