அம்புக்குறியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து பிளஸ் டூ டியூஷன்களில் கரிம வேதியியலில் பதிலீடு, சேர்ப்பு, நீக்கம் என்று வினை வகைகளைக் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். மார்க் போவது வேறு இடத்தில். வினைபடுபொருளைப் பார்த்ததும் விடையை எழுதிவிடுகிறார்கள். சமன்பாட்டின் அம்புக்குறியின் மேல் இருக்கும் கரைப்பானையும் வெப்பநிலையையும் படிப்பதே இல்லை.

2-புரோமோபியூட்டேனை எடுத்துக்கொள்வோம். நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் முக்கியமாகப் பதிலீடு: பியூட்டன்-2-ஆல் கிடைக்கும். அதே காரத்தை ஆல்கஹாலில் கரைத்துச் சூடாக்கினால் நீக்க வினை மேலோங்கும். அப்போதும் பியூட்-1-ஈன் என்று எழுதிவிடாதீர்கள். சேட்செஃப் விதிப்படி, இரட்டைப் பிணைப்பில் அதிக ஆல்கைல் தொகுதிகள் உள்ள பியூட்-2-ஈன்தான் முதன்மை விளைபொருள்.

எத்தனாலும் அடர் கந்தக அமிலமும் இதே கதைதான். சுமார் 170 டிகிரி செல்சியஸில் எத்தீன். 140 டிகிரியில், எத்தனால் மிகுதியாக இருந்தால், டைஎத்தில் ஈதர். முப்பது டிகிரிதானே என்று விட்டால் முழு மார்க்கும் போச்சு.

அப்புறம் பெராக்சைடு. பெராக்சைடு இருந்தால் சேர்ப்பு வினை வழக்கத்துக்கு மாறான திசையில் நடக்கும் என்று கராஷும் மேயோவும் 1933-இல் காட்டிய இந்த விளைவைப் பலர் கண்ட இடத்திலெல்லாம் போடுகிறார்கள். புரொப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது பெராக்சைடு இருந்தால் 1-புரோமோபுரொப்பேன், சரி. ஹைட்ரஜன் குளோரைடுக்கும் அயோடைடுக்கும் அது செல்லாது. அங்கே வழக்கம்போல் மார்கோனிகாஃப் விதிதான்: இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே புது ஹைட்ரஜனும் போகும்.

பென்சீன் படத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் தெரிகின்றன என்பதற்காக புரோமின் சேர்ந்துவிடும் என்று எழுதுவது இன்னொரு தவறு. இரும்பு புரோமைடு வினையூக்கி இருந்தால் பதிலீடு நடந்து புரோமோபென்சீன் வரும். ஃபீனாலோ வினையூக்கியே இல்லாமல் புரோமின் நீரில் வெள்ளை வீழ்படிவு தரும்.

கடைசியாக, நம் ஊர் சங்கதி ஒன்று. பேராவூரணித் தேங்காய் எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு (சோடியம் ஹைட்ராக்சைடு) காய்ச்சினால் சோப்பு. காரம் என்றதும் பாதிப் பேர் 'நடுநிலையாக்கல்' என்று எழுதுகிறார்கள். எண்ணெயில் பெரும்பாலும் இருப்பது அமிலம் இல்லை, எஸ்டர். காரம் அந்த எஸ்டர் பிணைப்பை உடைக்கிறது. இது கார நீராற்பகுப்பு. கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்புதான் சோப்பு, கூடவே கிளிசரால் வரும். எண்ணெயில் இருக்கும் இந்த எஸ்டருக்குப் பெயர் டிரைகிளிசரைடு; அதன் ஒரு மூலக்கூறில் மூன்று எஸ்டர் பிணைப்புகள், ஆகவே சமன்பாட்டில் காஸ்டிக் சோடாவுக்கு முன்னால் 3 போட வேண்டும்.